பாடி மட்டும்

இந்திராநகர் மெட்ரோவில் நின்றபடி போனில் கேட்டேன்:
"பாடி மட்டும் என்ன விலை?"
பக்கத்தில் கைப்பிடியைப் பற்றியிருந்த தமிழ்க்காரர்
ஓரடி தள்ளி நின்றார்.
"பழைய பாடியைக் கொண்டுவந்தா எவ்வளவு கழிப்பீங்க?"
அல்சூரில் இறங்கிவிட்டார்.
அவருடைய ஸ்டேஷன் அதுதானா, தெரியாது.

ரூபாயில் கணக்குப் போடுவதை விட்டு வெகுநாளாயிற்று.
ஒரு முகம் இரண்டாயிரத்து ஐந்நூறு.
முருகேஷ்பாளையத்து மாடியறைக்கு வாடகை ஏழு முகம்.
லூர்துவின் சம்பளம் ஆறு.
கரண்டும் பின்திரைத் துணி சலவையும் சேர்ந்து ஒன்றரை.
அந்த அரை முகம் யாருடையது என்று
லூர்து மாதாமாதம் கேட்பான்.

புதியது எழுபத்தாறு முகம்.
சர்ச் தெருக் கடையில் தன்வீர்
கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
சூடான இட்லித் தட்டைத் தருவதுபோல் இரு கையால் தந்தான்.
"இது கண்ணைத் தானே தேடும் மேடம்.
ஆள் திரும்பினாலும் விடாது."
உண்மைதான்.
பச்சைக் கட்டம் அவன் இடக்கண்ணில் போய் ஒட்டியது,
வலக்கண்ணுக்குத் தாவியது,
பிறகு அவனை விட்டுவிட்டு
பின்சுவர்க் காலண்டரில் சிரித்த
பற்பசைப் பெண்ணிடம் போய்விட்டது.
இருவரும் பார்த்தோம். இருவரும் பேசவில்லை.

என்னிடம் வருகிறவர்கள் யாரும் ஓடுகிறவர்கள் அல்ல.
வேலை போன மறுவாரம் வருவார்கள்.
மேலே இரவல் கோட்டு, கீழே அரைக்கால் சட்டை.
"நம்பிக்கையாத் தெரியணும், ஆனா ரொம்ப வேணாம்."
இவர்களுக்கு நொடிக்கு முப்பது படம் எதற்கு?
முப்பதிலும் அதே பயம்தான் இருக்கும்.
நான் டீ சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.
சர்க்கரை போதுமா என்று நாக்கு யோசிக்கும் அந்த ஒரு கணம்
பத்தில் எட்டுப் பேருக்கு
முகம் வீடு திரும்பிவிடும்.

ஆனால் பழையதை நம்பவும் முடியவில்லை.
இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் தடவை இமைத்துவிட்டது.
கார்டு போட ஒரே ஒரு வாய்.
போன ஆடியில் அந்தக் கார்டு செத்தது.
அன்று ஷைலஜாவின் பிள்ளைக்கு நூறாம் நாள்.
இரண்டு மணிநேரம், நானூறு படம்,
ஒன்றும் இல்லை.
பணத்தைத் திருப்பினேன். மறுபடி எடுக்கிறேன் என்றேன்.
வந்தாள், நூற்றுமூன்றாம் நாள், அதே மஞ்சள் கவுனோடு.
"பரவால்ல, பாப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது."
அவளுக்குத் தெரிந்தது.
முதல் பிறந்தநாளுக்கு வேறெங்கோ போனாள்.

ஆக, எனக்கு வேண்டியது இரண்டு வாய்.
கண் தேடும் வித்தை அரைகுறையாக இருந்தாலும் சரி,
ஒன்று மறந்ததை இன்னொன்று வைத்திருக்க வேண்டும்.
தன்வீர் எழுபத்தாறைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு
குனிந்து கீழ்த்தட்டிலிருந்து எடுத்தான்.
கைமாறியது. நான்கு வருடப் பழசு. முப்பத்துநான்கு முகம்.
என் பழையதற்கு ஏழு கழிப்பதாகச் சொன்னான்,
சரியாக ஒரு மாத வாடகை.
வாய் வரைக்கும் வந்த சரி
எப்படியோ வேண்டாம் ஆகிவிட்டது.
"பாடியை வீட்டுல வெச்சிருக்கக் கூடாதுக்கா"
என்றான் லூர்து, முகத்தை மிகவும் சோகமாக வைத்துக்கொண்டு.

இரவு படங்களைக் கணினியில் இறக்கியபோதுதான் பார்த்தேன்.
அன்று எடுத்த ஒவ்வொன்றின் விவரத்திலும்
எடுத்தவர்: கே. எம். சுப்பையா, மடிகேரி.
யாரோ. ஏன் விற்றாரோ.
முப்பத்தெட்டாயிரம் தடவை அவர் கண் பதித்த ரப்பரில்
காலையிலிருந்து என் புருவத்து வியர்வை.
மெனுவுக்குள் மெனுவாக இறங்கி
ஓர் எழுத்துக்கு ஒரு அழுத்தாய்
சுப்பையாவை அழித்தேன். மடிகேரி கடைசியில் போனது.

அலமாரியைத் திறந்து பழையதில் தேடினேன்.
எட்டு வருடம்.
அந்த இடம் காலியாகவே இருந்திருக்கிறது.

பெனடிக்டா. ஆங்கிலத்தில்தான் ஏற்கும், ஒன்பது எழுத்து.
அதன் பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம்,
அதனால்
முதலில் பழையதில் எழுதினேன்.